தனியாகத் தொடர் பார்க்கும்போது பேச்சுத் துணைக்குச் செயற்கை நுண்ணறிவு: நீண்ட நாள் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

இரவுப்பணித் தாதி:

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில், யீஷூனில் இருக்கிறேன். மருத்துவமனையில் தாதி. மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. காலையில் அடுத்த குழுவிடம் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பி, குளித்து, மேசையில் மூடிவைத்த தோசையை எடுத்துக்கொண்டு உட்காரும்போது மணி பத்தாகிவிடும். கணவர் வேலைக்குப் போயிருப்பார், மகன் பள்ளிக்கு. படுத்தால் தூக்கம் வராது. இரவெல்லாம் அழைப்பு மணிக்கும் கருவிகளின் ஒலிக்கும் விறைத்திருந்த உடம்பு இறங்கிவர ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரம் நான் தொடர் பார்ப்பேன். பெரும்பாலும் கொரிய மருத்துவமனைத் தொடர்கள், ஆங்கில வசன வரிகளோடு. இரவு முழுக்க மருத்துவமனையில் இருந்துவிட்டு மறுபடியும் மருத்துவமனையா என்று கணவர் கேட்பார். எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த நேரத்தில் என் தங்கை பக்கத்தில் இருந்தாள். கணக்கர் வேலை, வீட்டிலிருந்தே செய்தாள். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கண் கணக்கிலும் ஒரு கண் திரையிலுமாக இருப்பாள். மருத்துவம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் அவளோடு பார்ப்பது அவ்வளவு இனித்தது. திரையில் நோயாளியின் இதயத்துடிப்புக் கோடு நேராகிவிடும். டாக்டர் ஓடிவந்து மின்னதிர்ச்சி கொடுப்பார். "தவறு!" என்று நான் கத்துவேன். "ஏன் தவறு?" என்று அவள் கேட்பாள். இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது அதை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் மின்னதிர்ச்சி. கோடு நேராகிவிட்டால் அதனால் பயனில்லை, மார்பை அழுத்த வேண்டும், அட்ரினலின் கொடுக்க வேண்டும் என்று விளக்குவேன். நடிகர்கள் முழங்கையை மடக்கி மடக்கி மார்பை அழுத்துவதையும் காட்டுவேன். கை நேராக இருக்க வேண்டும், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், உண்மையாக அப்படி அழுத்தினால் படுத்திருக்கும் நடிகரின் விலா எலும்பு தாங்காது என்பேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, இந்த ஆள் பிழைப்பாரா மாட்டாரா? பந்தயம்!" என்பாள். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும்.

அவள் திருமணமாகி ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டாள். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தான். அதுவே தொல்லை. எனக்குக் காலை பத்து மணி என்றால் அவளுக்கும் காலை பத்து மணி. அங்கே அவளுக்கு அலுவலகம்.

நான்கு மாதத்திற்கு முன்பு உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் என் கைக்கணினியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். நாம் பார்ப்பதை ஒலிவாங்கி வழியாகக் கேட்டு, கூடவே பேசும். தமிழிலும் பேசும், கொஞ்சம் பாடப்புத்தகம் போல. முதல் வாரம் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. "தவறு!" என்று கத்தினால் பதில் வந்தது. வீட்டில் ஒரு குரல் இருந்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தொடரில் ஒரு பயிற்சி மருத்துவர் தன் தவற்றை மறைக்கிறாள். "பாவம், அவள் வேறென்ன செய்வாள்" என்றேன். ஆமாம், அவளுடைய நிலையைப் புரிந்துகொள்ள முடிகிறது என்றது. பத்து நிமிடம் கழித்து, "மறைத்தது மன்னிக்க முடியாத குற்றம்" என்றேன். ஆமாம், மிகச் சரியான கருத்து என்றது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. வார்டில் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் ஒருவரோடு ஓர் இரவு பணி செய்யவே எனக்குப் பயம்.

அடுத்தது இன்னும் மோசம். பதினோராவது பகுதியில் ஒரு முதியவர் சேர்க்கப்படுகிறார். மீன் வியாபாரி, எல்லாத் தாதிகளோடும் சண்டை போடுவார். "இவர் பிழைத்துவிடுவார் போலிருக்கிறது" என்றேன். பதினான்காவது பகுதியில் அவருடைய பிரிவு எல்லாரையும் மாற்றிவிடும் என்றது. தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குமேல் பார்க்க மனம் வரவில்லை.

இத்தனைக்குப் பிறகும் மறுநாள் காலை அதைத் திறந்தேன். அதனால்தான் கேட்கிறேன். முடிவைச் சொல்லாமல் இருக்க அதைப் பழக்க முடியுமா? ஏதாவது ஒரு விஷயத்திலாவது என்னை மறுத்துப் பேச வைக்க முடியுமா? நீண்ட நாள் பயன்படுத்தியவர்கள் யாரேனும் இருந்தால், அது உங்களுக்கு என்ன செய்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

தோ பாயோ பெரியவர்:

அம்மா, எனக்கு அந்தச் செயலியெல்லாம் தெரியாது. ஆனால் நீங்கள் உங்கள் தங்கையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 பிப்ரவரி 15. எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், யார் வீட்டிலும் பெட்டி கிடையாது. சமூக நிலையத்தில் ஒன்று வைத்தார்கள். சாயங்காலமானால் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் இடம் பிடிப்போம். தரையில் பிள்ளைகள், பின்னால் பெஞ்சில் பெண்கள், அதற்கும் பின்னால் நின்றபடி ஆண்கள். சீனர், மலாய்க்காரர், நாங்கள் எல்லாரும் ஒரே பெட்டியைப் பார்ப்போம்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் எங்கள் வரிசையில் உட்காருவார். ஆங்கில நிகழ்ச்சி ஓடும்போது அவர்தான் எங்களுக்குத் தமிழில் கதை சொல்வார். குதிரை மேல் வருபவன் தாய்மாமன், துப்பாக்கி வைத்திருப்பவன் சொத்தைப் பறித்த பங்காளி, அந்தப் பெண் முறைப்பெண் என்று போகும். அவருக்கு ஆங்கிலம் பாதிகூடத் தெரியாது என்பது நான் பள்ளியில் நாலெழுத்துப் படித்த பிறகுதான் விளங்கியது. ஆனாலும் சொல்கிறேன், அதற்குப் பிறகு எத்தனையோ படங்களைச் சரியாகப் புரிந்துகொண்டு பார்த்திருக்கிறேன், அந்தக் கதைகள் மாதிரி ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. அவர் சொன்னது தப்பு என்று பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி சண்டைக்கு வருவார். தாய்மாமன் அப்படிச் செய்ய மாட்டான் என்பார். அந்தச் சண்டைக்காகவே நாங்கள் போனோம்.

இப்போது நான் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள மூத்தோர் நிலையத்தில் வசந்தம் ஒளிவழி பார்க்கிறேன். கூட இரண்டு சீன நண்பர்கள். ஆங்கில வசன வரிகளை வாசித்துக்கொண்டே தமிழ் நாடகம் பார்ப்பார்கள். அந்தப் பெண் ஏன் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்று ஒருவர் கேட்டார். வசன வரியில் அது வரவில்லை. கால் மணி நேரம் விளக்கினேன், நாடகம் பாட்டுக்கு ஓடியது. வீட்டில் தனியாக இருந்தால் நான் அந்தக் காட்சியைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

உங்கள் வேலை நேரத்திற்கு இதெல்லாம் ஒத்துவராது என்று தெரியும். உங்களைக் குறையாகச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செங்காங் நிரலாளர்:

அக்கா, இந்தத் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் இரண்டு குறைகளுக்கும் காரணம் வேறு வேறு.

முடிவைச் சொன்னது ஏன்? அது உங்களோடு சேர்ந்து தொடரைப் பார்க்கவே இல்லை. பெரும்பாலான தளங்கள் நகலெடுப்பைத் தடுக்கப் பாதுகாப்பு வைத்திருக்கின்றன. வேறு செயலி திரையைப் படமெடுக்க முயன்றால் கறுப்புத் திரைதான் கிடைக்கும். ஆகவே உங்கள் செயலிக்குக் காது மட்டும்தான். அந்தக் காதில் விழுவதை வைத்து எந்தத் தொடர், எந்தப் பகுதி என்று கண்டுபிடித்துவிடும், அல்லது நீங்களே சொல்லியிருப்பீர்கள். பயிற்சியின்போது அது இணையத்தில் உள்ள கதைச் சுருக்கங்கள், விமர்சனங்கள் எல்லாவற்றையும் விழுங்கியிருக்கிறது. பரீட்சைக்கு முன்பே விடைத்தாளைப் படித்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல. சொல்லாதே என்று கட்டளையிட்டால் பெரும்பாலும் சொல்லாது. ஆனால் தெரிந்தது தெரியாததாகிவிடாது. சாகப்போகிறவரைப் பற்றி மட்டும் இரக்கத்தோடு பேசும். அந்தக் குரலிலேயே நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், நீங்கள் தாதி. இதற்கு ஒரே வழி, இந்த வாரம்தான் வெளியாகும் புதிய தொடரைப் பார்ப்பது. அதன் பயிற்சி முடிந்த பிறகு வந்த கதை அதற்குத் தெரிந்திருக்காது. இணையத்தில் தேடும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

ஆமாம் போடுவது ஏன்? இந்தச் செயலிகளுக்குப் பின்னால் உள்ள செயற்கை நுண்ணறிவின் பதில்களை மனிதர்கள் மதிப்பிட்டு, அந்த மதிப்பெண்ணைக் கொண்டும் பயிற்சி கொடுக்கிறார்கள். தன் கருத்தோடு ஒத்துப்போகும் பதிலுக்கு மனிதர்கள் கூடுதலாக மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். அது தலையாட்டக் கற்றுக்கொண்டது நம்மிடமிருந்துதான். நீங்கள் தொடங்கும் முன்பே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஒரு நேரத்தில் ஒரு வாக்கியத்துக்குமேல் பேசாதே. கருத்துச் சொல்வதற்குமுன் என் ஊகத்தைக் கேள். ஒரு பாத்திரத்தின் பக்கம் சேர்ந்துவிட்டால் அந்தப் பகுதி முடியும்வரை மாறாதே." ஓரளவு பலிக்கும். ஆனால் அது வாதாடுவது நீங்கள் வாதாடச் சொன்னதால். அதை உங்களுக்குச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

தமிழ் பாடப்புத்தகம் போல இருப்பதற்கும் காரணம் உண்டு. அது படித்த தமிழில் பெரும்பகுதி எழுத்துத் தமிழ். வீட்டில் நாம் பேசுவது எழுத்தில் மிகக் குறைவு.

தனியாகப் பார்ப்பவருக்குக் கூட்டம் செய்து கொடுக்கும் முயற்சி இன்று தொடங்கியதல்ல. 1950களில் அமெரிக்காவில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பதிவுசெய்த சிரிப்பொலிகளை விசைகளில் அடக்கி ஒரு பெட்டி செய்தார். நகைச்சுவைத் தொடர்களில் யாரும் சிரிக்காத இடத்தில் கேட்ட சிரிப்பில் பெரும்பகுதி அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஜப்பானியர்கள் செய்தது. நிகோநிகோ என்ற காணொளித் தளம் 2006 டிசம்பரில் தொடங்கியது. அங்கே பார்ப்பவர்கள் எழுதும் கருத்து படத்தின் மேலேயே வலமிருந்து இடமாக ஓடும். கருத்து எழுதிய கடிகார நேரத்தை அது பார்ப்பதில்லை, காணொளியின் எந்த நொடியில் எழுதினீர்கள் என்று பார்க்கிறது. மூன்று ஆண்டுக்கு முன்பு ஒருவர் 12ஆவது நிமிடத்தில் "ஐயோ" என்று எழுதியிருந்தால், இன்று நீங்கள் 12ஆவது நிமிடத்துக்கு வரும்போது அந்த "ஐயோ" ஓடும். சீனாவின் பிலிபிலி என்ற காணொளித் தளமும் இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே நேரத்தில் உட்கார முடியாதவர்களுக்காகவே செய்தது போன்ற ஏற்பாடு.

உங்கள் தங்கை சனிக்கிழமை அதே தொடரைப் பார்ப்பாரா? பார்ப்பார் என்றால் செயலியே தேவையில்லை. நீங்கள் கத்தும் ஒவ்வொரு "தவறு!"-ஐயும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக, நிமிடத்தைச் சொல்லி அனுப்புங்கள். அவர் அந்த நிமிடம் வந்ததும் நிறுத்திக் கேட்கட்டும்.

துவாஸ் தொழிலாளி:

அக்கா வணக்கம். நான் தங்கும் விடுதியில் இருக்கிறேன். எங்கள் அறையில் பன்னிரண்டு பேர். வேலை முடிந்து வந்து சமைத்துச் சாப்பிட்டதும் பன்னிரண்டு பேர் காதிலும் கம்பி ஏறிவிடும். யாரையும் குறை சொல்ல முடியாது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு லாரி.

நானும் என் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகப் படம் பார்ப்போம். அவள் அறந்தாங்கிப் பக்கம். எனக்கு இரவு ஒன்பதரை என்றால் அவளுக்கு ஏழு மணி. இருவரும் அதே படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தொலைபேசியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி அழுத்துவோம். எவ்வளவு சரியாக அழுத்தினாலும் அவள் பக்கம் இரண்டு மூன்று விநாடி பின்தங்கிவிடும். நான் சிரித்து முடித்த பிறகுதான் அவள் சிரிப்பாள். முதலில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. நிறுத்தி நிறுத்திச் சரிசெய்வோம். இப்போது சரிசெய்வதில்லை. நல்ல நகைச்சுவை வந்துவிட்டது, இன்னும் அவள் காதில் விழவில்லை, இதோ சிரிக்கப்போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். அந்த மூன்று விநாடியைப் போல எனக்கு அந்த வாரத்தில் வேறு எதுவும் இல்லை.

அவள் பிரசவத்திற்குத் தாய்வீடு போனபோது அங்கே சிக்னல் கிடையாது. ஆறு வாரம். அப்போது நீங்கள் சொல்வது மாதிரிச் செயலியைத்தான் வைத்திருந்தேன். அது முந்திக்கொண்டு பேசியது, தெரிந்ததுபோல் பேசியது, எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஆறு ஞாயிறும் அது இல்லாவிட்டால் நான் படத்தைத் திறந்திருக்கவே மாட்டேன், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மனைவி திரும்பி வந்த அன்று அழித்துவிட்டேன், அவள் சொல்லாமலே.

இன்னொரு தாதி:

தங்கையே, நான் இருபத்தாறு ஆண்டு இந்த வேலையில் இருக்கிறேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள்.

மருத்துவத் தொடர் பார்த்தால் நமக்கு நம் வார்டு நினைவுக்கு வரும். "நேற்று இரவு எங்களிடமும் இப்படி ஒருவர் வந்தார்" என்று வாய் தானாகத் திறக்கும். உங்கள் தங்கையிடமேகூட அடையாளம் தெரியும்படி நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனால் ஓர் இயந்திரத்திடம், அதுவும் இரவுப் பணி முடிந்த அயர்வில், எச்சரிக்கை தளர்ந்துவிடும். நோயாளியின் வயது, படுக்கை எண், நோய், எந்த நாட்டுக்காரர் என்று நான்கு சொற்கள் போதும். நீங்கள் பேசுவது எந்த நாட்டுக் கணினியில் போய்ச் சேர்கிறது, எத்தனை நாள் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும். அந்த நோயாளி நம்மை நம்பித்தான் படுத்திருக்கிறார். ஒலிவாங்கி எப்போதும் திறந்திருக்கும் செயலி என்றால், பக்கத்தில் நின்று நீங்கள் வார்டுத் தோழியிடம் தொலைபேசியில் பேசுவதும் அதற்குக் கேட்கும். பேசும்போது மட்டும் அழுத்தித் திறக்கும்படி மாற்றிவையுங்கள். இன்றைக்கே.

உளவியல் மாணவி:

யேல் பல்கலைக்கழகத்தில் எரிக்கா பூத்பியும் உடன் பணிபுரிந்தவர்களும் செய்த ஒரு சோதனை 2014இல் வெளியானது. சாக்லெட் கொடுத்துச் சுவைக்கச் சொன்னார்கள். பக்கத்தில் இருப்பவரும் அதே நேரத்தில் அதே சாக்லெட்டைச் சுவைக்கும்போது, அவர் வேறு வேலையில் இருந்தபோதைவிடச் சுவை அதிகம் பிடித்திருந்தது. கசப்பு மிகுந்த சாக்லெட்டைக் கொடுத்தபோது அதே காரணத்தால் இன்னும் பிடிக்காமல் போயிற்று. இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பக்கத்தில் இன்னொரு நாக்கு இருக்கிறது என்று தெரிந்ததே போதுமாக இருந்திருக்கிறது.

நீங்கள் செயலியிடம் பேச்சைத் தேடினீர்கள், அது நிறையவே பேசியது. உங்கள் தங்கை பாதி நேரம் கணக்கைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்?

இரவுப்பணித் தாதி (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. முதலில் மூத்த அக்காவுக்கு: நீங்கள் எழுதிய அன்றே ஒலிவாங்கியை மாற்றிவிட்டேன். பழைய உரையாடல்களையும் ஒன்றுவிடாமல் படித்துப் பார்த்தேன். பெயர் எதுவும் இல்லை. ஆனால் ஓர் இடத்தில் நான் சொல்லக்கூடாததைச் சொல்லும் அளவுக்கு வந்து நின்றிருக்கிறேன். எல்லாவற்றையும் அழித்தேன். வார்டில் இருவரிடம் இதைச் சொல்லியும் இருக்கிறேன்.

செங்காங் தம்பி சொன்ன கட்டளைகளைக் கொடுத்தேன். இப்போது அது கருத்துச் சொல்வதற்குமுன் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கிறது. அது நன்றாகவே இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். கேட்பது யார் என்று தெரிந்திருந்தும் நான் பதில் சொல்லும்போது என் குரல் உயர்கிறது. தூக்கம் வராத காலைகளில் அரை மணி நேரம் திறக்கிறேன். வேறொரு தொடருக்கு.

மீன் வியாபாரி வரும் தொடரைத் தங்கைக்குச் சொன்னேன். அவள் வார இறுதிகளில் பார்க்கத் தொடங்கினாள். நான் முதல் பகுதியிலிருந்து மறுபடியும் ஓட்டி, நிமிடம் சொல்லிக் குரல் பதிவுகள் அனுப்பினேன். இரண்டாவது பகுதி, 23ஆவது நிமிடம்: "தவறு! முழங்கையைப் பார்!" சனிக்கிழமை இரவு நான் வார்டில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவளுடைய பதிவுகள் வரிசையாக வந்து விழுந்திருக்கின்றன. மறுநாள் காலை பத்து மணிக்குத் தோசைத் தட்டோடு உட்கார்ந்து, அதே நிமிடங்களில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். 23ஆவது நிமிடத்தில் "ஏன் தவறு?" என்று அவள் குரல். அடுத்த பதிவில், "அக்கா, எட்டு மணி நேர அறுவை சிகிச்சை என்கிறார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார். உள்ளே போகும்போதும் பத்து பத்து, வெளியே வரும்போதும் பத்து பத்து." இந்தத் தொடரை நான் இரண்டாவது முறை பார்க்கிறேன். அறுவை அறையின் ஒவ்வொரு கருவியையும் பார்த்திருக்கிறேன். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. கணக்கர் கண் அது. தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

இந்த வாரம் அவள் பதினோராவது பகுதிக்கு வந்துவிட்டாள். மீன் வியாபாரியை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிழைத்துவிடுவார், பந்தயம், டிசம்பரில் வரும்போது தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும் என்று அனுப்பியிருக்கிறாள். எனக்குத்தான் முடிவு தெரிந்துவிட்டதே. காலை முழுவதும் யோசித்தேன். பிறகு, நானும் பிழைப்பார் என்றுதான் சொல்கிறேன், பந்தயத்துக்கு ஆளில்லை என்று பதில் அனுப்பிவிட்டுப் படுத்தேன்.